கட்டுமரத்துக்கு மூடி இல்லை

கோலா கிளாவாங் என்ற பெயரின் முதற்பாதியிலேயே தண்ணீர் இருக்கிறது. மலாய் மொழியில் ‘கோலா’ என்றால் ஓர் ஆறு இன்னோர் ஆற்றிலோ கடலிலோ கலக்கும் வாய். கோலாலம்பூரிலும் கோலா திரெங்கானுவிலும் இருப்பது அதே சொல்தான். ஜெலுபு மாவட்டத்தின் தலைமை ஊரான இங்கே கிளாவாங் ஆறு திரியாங் ஆற்றோடு சேருகிறது. கடலோ கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. சிரம்பானிலிருந்து வருகிறவர்கள் புக்கிட் தங்கா மலையின் வளைவுகளில் ஏறி இறங்கித்தான் ஊரை அடைய முடியும். நெகிரி செம்பிலானுக்கு உள்ள ஒரே கடற்கரை அந்த மலைக்கு மேற்கே, போர்ட்டிக்சன் பக்கம்.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்குக் காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டும், பால்மரம் எனும் ரப்பர் மரமும், பால் பிடிக்கும் மங்கும் வாளியும் தெரிந்த அளவுக்குப் படகு தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் படகு கட்டுகிறவன் தேடிப் போகும் பொருள்களில் மூன்று இந்த மாவட்டத்து மண்ணில் நிற்கின்றன. ஜெலுபுவைச் சேர்ந்த பாசோ காட்டில் செங்கால் மரம் வளர்கிறது. மலாய்ப் படகுகளின் உடலுக்குப் பேர் போன வைரம் பாய்ந்த மரம் அது. அதே மரத்தில் கசியும் பிசினுக்கு ‘டாமார் பெனாக்’ என்று பெயர். பலகைச் சந்துகளை அடைக்கும் கலவைகளில் டாமார் வகைப் பிசின்களுக்கு நெடுங்காலமாக இடமுண்டு. மூன்றாவது, ரப்பர்.

மரம் உடலாகிறது, பிசின் சந்துகளை அடைக்கிறது, ரப்பர் படகுத் தளத்து மூடியின் விளிம்பில் உட்காருகிறது. மூன்றுக்கும் வேலை ஒன்றே: வெளியே இருக்கும் கடல் உள்ளே வரக்கூடாது.

இன்று தமிழர் வாழும் கடற்கரைகளில் பெரும்பாலும் ஓடுவது செங்காலும் அல்ல, கட்டுமரமும் அல்ல. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த ஃபைபர் படகு. அந்தப் படகில் அடிக்கடி காணும் குறை, தளத்து மூடி சரியாகப் பொருந்தாமல் போவது. மீன் அறை, வலை அறை, மிதவை அறை என்று தளத்தில் வெட்டிய வாய்களின் மேல் வைக்கும் மூடிகளில் ஒரு மூலை தூக்கி நிற்கும், நடுப்பகுதி குழிந்து கிடக்கும், காலை வைத்தால் ஆடும். சில்லறைக் குறை என்று ஒதுக்கத் தோன்றும். அது சில்லறைக் குறை அல்ல என்பதைத் தமிழ்க் கடற்கரையின் படகு வரலாறே காட்டுகிறது.

கட்டுமரத்தில் தொடங்கினால்தான் அந்த வரலாறு புரியும். மூன்று முதல் ஏழு வரை மரத்துண்டுகளைக் கயிற்றால் வரிந்து கட்டினால் கட்டுமரம். அதற்கு மேற்புறம் உண்டு, அடிப்புறம் உண்டு. உள் என்று ஒன்று கிடையாது. அலை ஏறும், மரங்களுக்கு இடையிலுள்ள சந்து வழியே இறங்கும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டி நிமிர்த்தி மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். தண்ணீரைத் தடுத்து நிறுத்த முயலாமல் வழிவிட்டு அனுப்புவதே அதன் பாதுகாப்பு. 1697இல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்த மிதவையைப் பற்றி ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் எழுதினார். அந்தத் தமிழ்ச் சொல் பிறகு உருமாறி உலக மொழிகளில் புகுந்தது. இன்று ‘கேட்டமரன்’ என்று விற்கப்படும் இரட்டை உடல் சொகுசுப் படகுகளுக்கும் பழைய கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு.

உள் உள்ள படகுகளும் அதே கரையில் இருந்தன. சென்னைக்குத் துறைமுகம் அமையும் முன் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் சுமந்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியவை அவை. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும், ஆனால் தையல் வழியே நீர் கசியும். அதனால் நீரை இறைத்துக்கொண்டேதான் போக வேண்டும். மேலே தளம் இல்லாத திறந்த படகு என்பதால் மூடிக்கு அங்கேயும் வேலை இல்லை. மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதியபோது, இந்த இரண்டு வகையும் சோழமண்டலக் கரையில் அன்றாடம் ஓடிக்கொண்டிருந்தன.

சந்துகளை அடைக்கும் கலை வளர்ந்தது பெரிய தோணிகளில். தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிய தோணிகளின் பலகைச் சந்துகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, அதன் மேல் பிசினும் எண்ணெயும் கலந்து பூசும் வேலைக்குக் ‘கலப்பத்து’ என்று பெயர். அதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். உளியின் மேல் சுத்தியல் விழும் ஓசையிலேயே திரி அடிவரை இறங்கியதா இல்லையா என்று காது கண்டுபிடித்துவிடும்.

திரெங்கானுவில், சுல்தான் ஆட்சியின் பழைய துறையை ஒட்டிய டூயோங் தீவில், மலாய்த் தச்சர்கள் வேறு வழி கண்டிருந்தார்கள். செங்கால் பலகைகளை மர முளைகளால் இணைத்து, இரண்டு பலகைக்கு நடுவே காயாபுட்டி இன மரமான கெலாமின் பட்டையை வைத்து இறுக்குவார்கள். நீர் பட்டால் பட்டை ஊதும், ஊதினால் சந்து தானாகவே அடைபடும். வரைபடம் இல்லாமல் கண் அளவிலேயே கட்டிய படகுகள் அவை.

தூத்துக்குடித் தோணிக்கும் திரெங்கானுப் படகுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மரம் மன்னிக்கும். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும். பலகையால் செய்த மூடி வெயிலில் கொஞ்சம் பிளந்தாலும் இரண்டு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினால் கூடிக்கொள்ளும். சரக்கு வாயின் மேல் பலகைகளை அடுக்கித் தார்ப்பாய் விரித்துச் சுற்றிலும் ஆப்பு அடித்து இறுக்குவது நெடுங்காலம் உலகம் முழுவதும் இருந்த முறை. பலகை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தார்ப்பாய் அதை மறைத்துவிடும். வார்த்தெடுத்த ஃபைபர் மூடியிடம் அந்தத் தாராளம் கிடையாது.

மீன்பிடிப் படகுக்கு மூடிய ‘உள்’ வேண்டியிருந்ததற்கு இரண்டு காரணங்கள்: எந்திரம், பனிக்கட்டி. 1952இல் ஐக்கிய நாடுகள் அமைப்பும் நார்வேயும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்திய–நார்வே திட்டம் தொடங்கியது. எந்திரப் படகு, ஐஸ் ஆலை, உறைபதனக் கூடம் என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இறால் ஏற்றுமதிப் பொருளானதும் ‘இன்று பிடித்ததை இன்றே விற்பது’ என்ற பழைய கணக்கு மாறியது. மீனை ஐஸில் போட்டு வைக்க அறை வேண்டும், அந்த அறைக்கு வாய் வேண்டும், வாய்க்கு மூடி வேண்டும். மூடி இரண்டு வேலைகளை ஏற்றது: வெப்பம் உள்ளே போகாமல் காப்பது, கடல்நீர் உள்ளே போகாமல் காப்பது.

முதல் வேலையில் மூடி தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஐஸ் உருகும், மீன் விலை இறங்கும், படகுக்காரர் உடனே ஆளைக் கூப்பிடுவார். இரண்டாவது வேலையில் தவறினால் அமைதியான நாளில் எதுவும் தெரியாது. புயல் நாளில்தான் தெரியும்.

இலங்கையின் வடக்கில் இதே மாற்றம் வேறு வழியில் வந்தது. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நார்வே போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டில் குடியேறிய முதல் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். நார்வே நண்பர்களின் துணையோடு அவர் 1960களில் ஊர் திரும்பி முன்னெடுத்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான் சீ–நோர் நிறுவனம். காரைநகரில் படகுக் கட்டுமிடமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் பெயரில் எழுந்தன. காரைநகரில் வார்த்த ஃபைபர் படகுகள் வடக்கின் மீனவர் கைக்குப் போயின. உள்நாட்டுப் போர் மூண்டபோது காரைநகர்த் தளம் முடங்கியது. ஆனால் ஃபைபர் படகு இலங்கைக் கரையை விட்டுப் போகவில்லை. 1980களில் தொடங்கி, பல நாள் கடலில் தங்கும் ஆழ்கடல் படகுகள் தீவின் தெற்கிலும் மேற்கிலும் பெருகின. ஐஸ் அறையும் மேல் தளமும் மூடிகளும் உள்ள, வாரக்கணக்கில் கரை காணாத ஃபைபர் படகுகள் அவை.

தமிழ்நாட்டில் மாற்றம் மெதுவாக நடந்தது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகுக் கட்டுமிடத்தில், பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜிலே உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் திருவனந்தபுரத்தில் அமைந்து, பிறகு தன் சொந்தக் கட்டுமிடங்களிலும் அத்தகைய படகுகளைக் கட்டியது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. துறைமுகம் இல்லாத, அலை உடையும் மணற்கரையில் எந்திரத்தோடு ஏறி இறங்கும் படகை எப்படிச் செய்வது என்பது அதன் முதல் கேள்விகளில் ஒன்று. கட்டுமரம் காலங்காலமாக விடை சொல்லி வந்த கேள்வி அது. எந்திரத்தைச் சேர்த்ததும் பழைய விடை போதவில்லை.

கண்ணாடி இழைப் படகின் பிறப்பிடம் அமெரிக்கா. ஒஹாயோவில் ரே கிரீன் 1942இல் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் கொண்டு ஒரு சிறு படகை வார்த்தார். உலகப் போர் முடிந்த பின் அந்த முறை பரவியது. அச்சு ஒன்று இருந்தால் போதும், தச்சன் ஆண்டுக்கணக்கில் கற்ற கண்ணளவு தேவையில்லை. புழு அரிக்காது, மரம் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். மலேசியாவில் செங்கால் அரிதாகி விலை ஏறியபோது டூயோங் தீவின் தச்சுக் கூடங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் கட்டுமர மரங்கள் கிடைப்பது குறைந்தபோதும் இதே பிசின்தான் அந்த இடத்தை நிரப்பியது.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி தமிழகக் கரையில் உயிர்களோடு படகுகளையும் கட்டுமரங்களையும் அள்ளிக்கொண்டு போனது. அரசும் தொண்டு நிறுவனங்களும் படகு கொடுக்க முன்வந்தன. தேவைக்கு ஈடுகொடுக்க, கடற்கரைச் சாலைகளை ஒட்டி ஃபைபர் படகுக் கூடாரங்கள் திடீரெனப் பெருகின. சில ஊர்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான படகுகள் வந்து சேர்ந்தன. அவசரத்தில் வார்த்தவற்றில் தரம் ஒரே சீராக இல்லை என்பதை மீன்வள வல்லுநர்கள் விரைவிலேயே கண்டார்கள். ஃபைபர் படகு கட்டுவது பற்றி உணவு வேளாண் அமைப்பு 1991இலேயே ஒரு கையேடு வெளியிட்டிருந்தது. சுனாமிக்குப் பின் கரையேறும் படகுகளுக்கான பயிற்சி நூலும், 2010இல் சென்னையிலிருந்து வெப்ப மண்டலத்தில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பதற்கான எளிய வழிகாட்டியும் வந்தன.

படகின் உடல் பெரிய அச்சில் பிறக்கிறது, தளம் இன்னோர் அச்சில், மூடி மூன்றாவது அச்சில். மூன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு வெயிலில், ஒருவேளை வெவ்வேறு கைகளில் உருவானவை. மூடிக்குக் கோளாறு பிறப்பது அங்கேதான்.

பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது சுருங்கும். கனஅளவில் 5 முதல் 8 விழுக்காடு வரை சுருக்கம் இருக்கும். கண்ணாடி இழை சுருங்காது. ஆகவே பிசின் அதிகமாகவும் இழை குறைவாகவும் உள்ள பக்கம் இழுத்துக்கொள்ளும், மூடி அந்தப் பக்கமாக வளையும். அச்சோடு ஒட்டிய வழவழப்பான பக்கத்தில் ஜெல்கோட் என்ற பிசின் பூச்சு, மறுபக்கத்தில் மேட் என்ற இழை விரிப்பு. இரு பக்கமும் ஒரே சீராக இல்லாததால் வளைவு ஏறக்குறைய நிச்சயம். இறுகி முடியும் முன், ‘பச்சையாக’ இருக்கும்போதே அச்சிலிருந்து மூடியைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்தால், சாய்த்த வடிவத்திலேயே மீதி இறுக்கமும் நடந்து முடியும். ஒரே அச்சில் நாளுக்கு நான்கு மூடி எடுக்க வேண்டும் என்ற நெருக்கடி இருந்த கூடாரங்களில் அப்படித்தான் நடந்தது.

மெல்லிய மூடிக்கு விறைப்பும் போதாது. வெட்டிய இழை மேட்டால் செய்த ஃபைபரின் விறைப்பு எஃகினுடையதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மீன் பெட்டி விழுகிறது, ஆள் ஏறி நிற்கிறார், நடுப்பகலில் சூடேறுகிறது, மாலையில் கடல்நீர் பட்டுக் குளிர்கிறது. இரண்டு பருவம் கழிந்தால் நடுப்பகுதி தொய்கிறது, மூலைகள் தூக்குகின்றன. அடியில் முட்டு இல்லாத மூடிகளில் இது இன்னும் சீக்கிரம் வருகிறது.

கடற்கரையில் இதைச் சரிசெய்யும் ஆட்கள் உண்டு. அவர்களில் பலர் மரப் படகுகளில் உளி பிடித்தவர்களின் பிள்ளைகள். நல்ல பழுதாள் மூடியை உடனே தொடுவதில்லை, படகைப் பார்க்கிறார். மணலில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும் படகின் தளமே முறுக்கிக்கொண்டு நிற்கலாம். அந்த நிலையில் மூடியைத் தேய்த்துப் பொருத்தினால், படகு நீரில் இறங்கியதும் மறுபடி பொருந்தாது. முதலில் கட்டை கொடுத்துப் படகை மட்டமாக நிறுத்த வேண்டும். பிறகு வாயின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல்களைக் கட்டுகிறார். இரண்டு நூலும் நடுவில் மெல்லத் தொட்டால் வாய் மட்டம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி விழுந்தால் வாய் முறுகியிருக்கிறது. கதவு நிலை மாட்டும் தச்சர் பார்க்கும் அதே பார்வை இது.

அடுத்தது சுண்ணக்கட்டி. வாயின் விளிம்பு முழுவதும் சுண்ணம் தேய்த்து மூடியை வைத்து அழுத்தி எடுத்தால், மூடியின் ரப்பரில் வெள்ளைக் கோடு பதியும். கோடு அறுந்த இடம்தான் கடல் நுழையும் இடம். பெரிய சரக்குக் கப்பல்களின் எஃகு மூடிகளையும் ஆய்வாளர்கள் இன்றும் இப்படிச் சுண்ணம் தேய்த்துப் பார்க்கிறார்கள். பிறகு குழாய் நீரைப் பீய்ச்சிப் பார்க்கிறார்கள். சிறு படகில் இன்னும் எளிய வழி உண்டு. இருட்டியதும் அறைக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடினால், வெளிச்சம் கசியும் ஒவ்வொரு கீற்றும் நீர் கசியப்போகும் கீற்று.

தொய்ந்த மூடிக்கு விறைப்பு கொடுப்பது பழுதின் அடுத்த கட்டம். மூடியைக் கவிழ்த்து மட்டமான பலகையில் வைத்து, மணல் மூட்டைகளால் அழுத்தி நேராக்குவார்கள். அடிப்பக்கத்தை உப்புத்தாளால் உரசி, அசிட்டோனால் துடைத்து, நெடுக்கே பிளந்த பிளாஸ்டிக் குழாயையோ மரச் சட்டத்தையோ வைத்து, அதன் மேல் மேட்டும் பிசினும் போட்டு மூடுவார்கள். குழாய்க்கு வலிமை வேண்டியதில்லை. அதன் மேல் படியும் ஃபைபரின் வளைவுதான் முட்டு. பிசின் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் மூட்டையை எடுத்துவிடும் அவசரம் பழைய குறையைத் திரும்பக் கொண்டுவரும். மறுநாள் வரை பாரம் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் மூடிக்கும் வாய்க்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் என்று மேடுபள்ளம் மிஞ்சும். அங்கே கைகொடுக்கும் முறை அழகானது. வாயின் விளிம்பில் ஒட்டாத நாடாவை ஒட்டி மெழுகு பூசுகிறார்கள். பிசினில் பொடி கலந்து மாவு போலக் குழைத்து மூடியின் விளிம்பில் தடவி, மூடியை அதன் இடத்திலேயே வைத்து மெல்ல அழுத்துகிறார்கள். இறுகிய பின் எடுத்தால், வாயின் ஒவ்வொரு கோணலும் மூடியில் அப்படியே பதிந்திருக்கும். அந்த வாய்க்கு அந்த மூடி மட்டுமே பொருந்தும். எந்தப் பக்கம் எது என்று மறக்காமல் இரண்டிலும் ஓர் அடையாளம் வெட்டிவைக்க வேண்டும்.

தளத்தோடு தளமாகப் படியும் மூடி எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் நிலையாக நீர் காக்காது. தளத்தில் எப்போதும் நீர் நிற்கும், நிற்கும் நீர் வழி தேடும். ஆகவே வாயைச் சுற்றி வரம்பு எழுப்ப வேண்டும். வயலில் வரப்பு நீரை உள்ளே நிறுத்துகிறது. இங்கே வரம்பு நீரை வெளியே நிறுத்துகிறது. 1966ஆம் ஆண்டின் சர்வதேசச் சுமைக்கோட்டு ஒப்பந்தம் வாணிபக் கப்பலின் திறந்த மேல்தளத்தில் சரக்கு வாயின் வரம்பு குறைந்தது 600 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. சிறு மீன்பிடிப் படகில் வலை இழுக்கும் காலுக்கு அவ்வளவு உயரம் தடையாகும். அங்கே குறைந்த வரம்பும், அதைச் சுற்றி ஒரு கால்வாயும், கால்வாயிலிருந்து நீரை வெளியேற்றும் துளையும் சேர்ந்து வேலை செய்கின்றன. ரப்பரைத் தாண்டி வந்த சொட்டும் அறைக்குள் விழாமல் கால்வாயில் இறங்கிப் போய்விடும். கட்டுமரத்தின் பழைய அறிவு இங்கே சின்ன உருவில் திரும்பி வருகிறது: வந்த நீருக்கு வழிவிடு.

ரப்பர் பட்டையைத் தேர்வதிலும் தவறு நடக்கிறது. மெத்தைக்குப் போடும் பஞ்சு ரப்பர் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கண்ணறைகள் தனித்தனியாக மூடிய வகையே வேண்டும். மூடியை இறுக்கினால் பட்டை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் அடைப்பு இல்லை. அதிகமாக நசுங்கினால் மீண்டெழாமல் செத்துவிடும். பட்டையின் இரு முனைகள் சேரும் இடத்தை மூலையில் வைக்காமல் நேர்ப் பகுதியில் வைப்பது நல்லது. படகுக்கு வண்ணம் அடிக்கிறவர்கள் அழகுக்காக ரப்பருக்கும் ஒரு பூச்சு கொடுத்தால் அது கல்லாகிவிடும். கொண்டி நான்கு பக்கமும் இருக்க வேண்டும். ஃபைபரில் திருகாணி சீக்கிரம் தளர்ந்துவிடும். அது தளர்ந்த துளையே புதிய கசிவு. அடியில் தகடு வைத்து முழுதும் ஊடுருவும் போல்ட்டை முடுக்கினால்தான் நிலைக்கும்.

நீர் புகுவது மீன் அறைக்கு மட்டுமானால் ஐஸும் மீனும் கெடும், அவ்வளவுதான். தளத்துக்கு அடியிலுள்ள மிதவை அறைக்குள் புகும்போதுதான் உயிருக்கு ஆபத்து. ஃபைபர் தண்ணீரைவிடக் கனமானது, தானாக மிதக்காது. உள்ளே அடைத்த காற்றும் நுரைப்பொருளும்தான் அதைக் கட்டுமரமாக்குகின்றன. சில இடங்களில் விலை குறைவென்று தெர்மோகோலை அடைத்து அதன் மேல் நேராகப் பிசினைப் பூசினார்கள். பாலியெஸ்டர் பிசினிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். மிதவை இருப்பதாக நம்பிய இடத்தில் வெற்றிடம்தான் இருக்கும். அந்த வெற்றிடத்துக்கு மேலே பொருந்தாத ஒரு மூடி. மழையிலும் அலையிலும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேரும்; படகுக்காரர் ‘வரவர எந்திரம் இழுக்க மாட்டேன் என்கிறது’ என்பார். 200 லிட்டர் கடல்நீர் 205 கிலோ. அது ஓரிடத்தில் நிற்காமல் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

மாபெரும் கப்பல்களும் இதற்கு விலக்கில்லை. 1975 நவம்பர் 10 இரவில் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற தாதுக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது. சரக்கு வாய்கள் நீர் புகாதபடி மூடப்படாததே காரணமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை முடிவு செய்தது. கப்பல் துறையினர் அந்த முடிவோடு இன்றும் வாதிடுகிறார்கள். 1980 செப்டம்பரில் ஒகினாவா அருகே புயலில் சிக்கிய டெர்பிஷைர் ஏறத்தாழ 300 மீட்டர் நீளக் கப்பல். அதிலிருந்த 44 பேரும் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் கடலடியில் சிதைவு தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு விசாரணை மறுபடி நடந்தது. முன்பகுதியில் நீர் புகுந்து மூக்கு தாழ்ந்தது, பிறகு மேலேறிய அலைகளின் பாரத்தில் முன் சரக்கறையின் மூடி நொறுங்கியது என்று 2000ஆம் ஆண்டின் தீர்ப்பு கூறியது. அதன் பின் சரக்குக் கப்பல் மூடிகளின் வலிமை விதிகள் கடுமையாயின.

பெரிய கப்பலுக்கு விதி வந்த அளவுக்குச் சிறு படகுக்கு வரவில்லை. மீன்பிடிக் கப்பல்களுக்கான 1977ஆம் ஆண்டு டோரெமோலினோஸ் ஒப்பந்தமும், அதன் வழிவந்த 2012 கேப் டவுன் உடன்படிக்கையும் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றையே பேசுகின்றன. தமிழ்க் கரையின் ஃபைபர் படகுகளில் மிகப் பெரும்பாலானவை அதில் பாதி நீளம்கூட இல்லை. 12 மீட்டருக்கும் குறைந்த தளப் படகுகளுக்கும் திறந்த படகுகளுக்குமான பாதுகாப்புப் பரிந்துரைகளை உணவு வேளாண் அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து 2012இல்தான் நூலாக வெளியிட்டன. அவையும் பரிந்துரைகளே, சட்டம் அல்ல. மீன்பிடித் தொழிலில் ஆண்டுக்கு 24,000 பேர் இறக்கிறார்கள் என்று 1999இல் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. 2022இல் வந்த ஓர் ஆய்வு அந்த எண்ணிக்கை 1,00,000ஐத் தாண்டும் என்கிறது. இறந்தவர்களில் மிகப் பலர் சிறு படகுகளில் போனவர்கள். ஒரு மூடியின் விலை எவ்வளவு என்று இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

மூடியின் விளிம்பில் உட்காரும் ரப்பருக்கும் ஒரு தனி வரலாறு உண்டு, அது தோட்டங்களுக்குள் திரும்பி வருகிறது. மலாக்காவில் தான் சே யான் 1896இல் வணிக அளவில் பால்மரம் நட்டதிலிருந்து மலாயாவின் மேற்குச் சரிவு முழுவதும் அந்த மரம் பரவியது. நெகிரி செம்பிலானிலும் காடு வெட்டித் தோட்டம் எழுந்தது. கடல் கடந்து வந்த தமிழர்கள் விடியும் முன் எழுந்து பால் வெட்டினார்கள். அந்தப் பால் ஷீட்டாகி, புகையில் காய்ந்து, கப்பலேறி, டயராகவும் குழாயாகவும் மூடிகளின் விளிம்புப் பட்டையாகவும் உலகெங்கும் போனது. ஆனால் இயற்கை ரப்பருக்கு வெயிலும் டீசலும் ஆகாது. வெயிலில் வெடிக்கும், எண்ணெயில் ஊதிப்போகும். எண்ணெயைத் தாங்கும் நியோப்ரீனை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1931இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1942இல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்து பால் கிடைக்காமல் போனதும், அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைப் பேரளவில் எழுப்பியது. சுருங்கச் சொன்னால், தோட்டத் தமிழர்கள் போரின் பட்டினியில் வாடிய அதே ஆண்டுகளில் அவர்கள் வெட்டிய பாலுக்குப் போட்டி பிறந்து வளர்ந்தது. இன்றைய ஃபைபர் மூடிகளில் ஒட்டும் பட்டை பெரும்பாலும் செயற்கை வகைதான். பல தோட்டங்களில் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகளைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் எந்திரம் பிரிப்பதும் அந்த நாள்களில்தான். பழுதுப் பட்டியலில் எந்திரமும் உந்தியும் மேலே இருக்கும். மூடி கடைசியில் வரும், நாள் போதாவிட்டால் அதுவே முதலில் விடுபடும். எளிய வழி ஒன்று உண்டு. படகு நீரில் இறங்கும் முன், எல்லா மூடிகளையும் போட்டுக் கொண்டியை முடுக்கி, தளத்தின் மேல் பத்து நிமிடம் குழாய் நீரைப் பீய்ச்சிவிட்டு, ஒவ்வோர் அறையிலும் காய்ந்த துணியைப் போட்டுத் துடைத்துப் பார்ப்பது. துணி நனைந்து வந்தால் படகு இன்னும் தயாராகவில்லை.

மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் அந்த ஓய்வு வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. நவம்பர் தொடங்கி மாதக்கணக்கில் தென் சீனக் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் ஆற்று வாய்களுக்குள் ஒதுங்கும். கோலா கிளாவாங்கில் திரியாங்கோடு கலக்கும் நீர், பக்கத்திலிருக்கும் போர்ட்டிக்சன் கடலுக்குப் போவதில்லை. அது வடகிழக்கே பகாங் ஆற்றில் சேர்ந்து, பெக்கானைத் தாண்டி அந்தக் கடலில்தான் இறங்குகிறது. ஜெலுபு மலைகளில் பெய்யும் மழையும் அந்த மாதங்களில் ஆற்று வாயில் கட்டிக் கிடக்கும் படகுகளைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பழுதாள் அங்கே படகை மட்டமாக நிறுத்தி, மூலைக்கு மூலை நூல் கட்டி, சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்கும் பருவம் அதுவே.